பல்லவன் என்ன நிறம்?

"பல்லவன்" என்றதும் உங்கள் மனக்கண் முன் யார் தோன்றுகிறார்? மாமல்லபுரத்துக் கற்கோயில்களை எழுப்பிய மன்னர்கள் தாமே? வரலாற்றுத் தேர்வுக்கு அது போதும். ஆனால் கொரட்டூரில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த எவரிடமாவது அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் நினைவில் சிற்பம் வராது. கூட்டம் வழியும் படிக்கட்டும், நடத்துநரின் விசிலும், பிராட்வே போகும் 35-ஆம் எண் வண்டியும்தான் வரும். நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் பல்லவன் என்றால் பேருந்து.

அந்தப் பல்லவன் என்ன நிறம்? இந்த எளிய கேள்வியை எங்கள் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கேட்டு வருவதென முடிவு செய்தோம். மறுநாள் வகுப்பறையில் பட்டிமன்றமே நடந்துவிட்டது! ஒரு தோழியின் பாட்டி "சிவப்பு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இன்னொருத்தியின் அப்பா "பச்சையைத் தவிர வேறில்லை" என்றாராம். "கீழே சிவப்பு, மேலே சந்தன நிறம்" என்று ஒருவர். "மேலே வெள்ளி பூசியிருக்கும்" என்று மற்றொருவர். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் இதற்காக இரவு உணவு ஆறும்வரை வாதிட்டார்கள் எனக் கேள்விப்பட்டோம். ஒரே ஊரில், ஒரே தடத்தில், பல்லாண்டுகள் ஏறி இறங்கியவர்கள் இவர்கள்!

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆண்கள் "சிவப்பு", "பச்சை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பாட்டிமார்களோ புடவைக் கடையில் அமர்ந்தவர்களைப் போல, "அரக்குச் சிவப்பு", "பாசிப் பச்சை", "வெந்தய நிறத்தில் ஒரு பட்டை" என்று நுணுக்கமாகச் சொன்னார்கள். பேருந்துக்கு ஜரிகை மட்டும்தான் இல்லை. எனினும், பிற்காலத்தில் யாரேனும் அந்த நிறத்தை மீண்டும் கலக்க விரும்பினால், "சிவப்பு" என்ற சொல்லைவிட "அரக்குச் சிவப்பு" என்ற சொல்லே உதவும். எங்கள் மதிப்பெண் பாட்டிமாருக்கே.

இனி, சற்று வரலாற்றைப் பார்ப்போம். சென்னையில் 1895-ஆம் ஆண்டு மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1953 ஏப்ரலில் அவை நின்றுபோயின. அதற்கு முன்பே, 1947-இல், சென்னை மாகாண அரசு முப்பது பேருந்துகளோடு தானே பயணிகள் போக்குவரத்தை நடத்தத் தொடங்கியிருந்தது. அந்த அரசுத் துறைதான் வளர்ந்து, 1972 ஜனவரி 1-ஆம் நாள், ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட பேருந்துகளுடன் பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. மற்ற ஊர்களில் சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று கழகங்கள் இருந்தன. மூவேந்தரும் பல்லவரும் சண்டையின்றிச் சாலையில் ஓடிய காலம் அது! 1994-இல் சென்னையின் ஒரு பகுதிக்கென டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் தனியே பிரிந்தது. 1997-இல் மாநிலமெங்கும் கழகங்களின் பெயர்களிலிருந்து மன்னர், தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. 2001-இல் சென்னையின் இரு கழகங்களும் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்றாயின. ஆக, பல்லவன் என்ற பெயர் வண்டிகளில் இருந்தது இருபத்தைந்து ஆண்டுகளே. இன்று பல்லவன் சாலை என்ற தெருப் பெயரிலும், காரைக்குடி ரயிலின் பெயரிலும் அது வாழ்கிறது.

பேருந்துகளுக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு நாம் இலண்டன் வரை போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்தில் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பேருந்து விட்டன. கூட்டத்தில் தன் வண்டி தனித்துத் தெரிய வேண்டுமென்று, அவற்றுள் பெரியதான ஒரு நிறுவனம் 1907-இல் தன் வண்டிகளுக்கெல்லாம் சிவப்பு பூசியது. 1933-இல் எல்லாவற்றையும் ஒரே பொது நிறுவனமாக்கியபோது நகர வண்டிகளுக்குச் சிவப்பும், நகரைச் சுற்றிய கிராமப்புற வண்டிகளுக்குப் பச்சையும் என்று ஆயிற்று. பம்பாய் நகரப் பேருந்துகளும் சிவப்பாயின. இலங்கையில் 1958 ஜனவரி 1-ஆம் நாள் போக்குவரத்துச் சபை அமைந்தபோதும் சிவப்பே நிறமாயிற்று. இலண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டை அடுக்கு வண்டிகள் நூற்றுக்கணக்கில் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து மீண்டும் உழைத்தன என்பது இன்னொரு சுவையான செய்தி. விளம்பரத்துக்காக ஒரு வியாபார நிறுவனம் எடுத்த முடிவு, கடல் கடந்து "பஸ் என்றால் சிவப்பு" என்ற வழக்கமாக நிலைத்துவிட்டது!

சரி, நம் வீட்டுப் பெரியவர்களின் வாதத்துக்கு வருவோம். யார் சொன்னது சரி? எல்லோர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம். அதற்குரிய காரணங்களை அறிவியல் ஆசிரியையிடமும், பெயிண்ட் வேலை அறிந்த ஒரு தோழியின் தந்தையிடமும் கேட்டறிந்தோம்.

முதலாவது, நிழற்படங்கள். அக்காலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். கறுப்பு வெள்ளைப் பிலிம் நிறத்தைப் பதிவதில்லை. வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிகிறது. நடுத்தரமான சிவப்பும் நடுத்தரமான பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆகையால் பழைய ஆல்பத்தை எடுத்து வைத்து "பார், பச்சை!" என்று நிரூபிக்க எவராலும் முடியாது. வண்ணப் படமென்றால் நம்பலாமா? அதையும் முழுவதும் நம்புவதற்கில்லை. 1970, 80-களின் வண்ணப் படங்களில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் பெரும்பாலும் முதலில் மங்கிவிடுகிறது. அது மங்கினால் படம் முழுவதும் செம்பழுப்பாகத் தோன்றும். நம் வீட்டுத் திருமண ஆல்பங்களில் எல்லாருடைய முகமும் செம்மண் பூசியதுபோல் இருப்பது இதனாலேதான். அத்தகைய படத்தில் நிற்கும் பச்சைப் பேருந்து, பச்சையாகத் தெரியுமா?

இரண்டாவது, விளக்குகள். சாலைகளில் அன்று எரிந்த பாதரச ஆவி விளக்கின் ஒளியில் சிவப்புக் கதிர்கள் மிகக் குறைவு. அவ்வொளியில் சிவப்பு வண்டி கறுத்த பழுப்பாகத் தெரியும். பின்னர் வந்த சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியிலோ எல்லா நிறமும் ஒன்றுபோல் சோர்ந்து தோன்றும். விளக்கில்லாத அந்திவேளையிலும் நம் கண் ஓர் விந்தை செய்கிறது. வெளிச்சம் குறையக் குறைய, முதலில் இருண்டு போவது சிவப்பு; பச்சையும் நீலமும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியை மாலை ஆறரை மணிக்குப் பாருங்கள். பூ கறுத்து, இலை வெளுத்துத் தெரியும். காலை வேலைக்கு ஆவடி வண்டியில் ஏறியவரும், இரவு ஷிப்ட் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வீடு திரும்பியவரும் ஒரே வண்டியை இரு நிறமாக நினைவில் வைத்திருப்பதில் வியப்பென்ன?

மூன்றாவது காரணம் நம் ஊர் வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பெயிண்டின் பிசினைச் சிதைக்கின்றன. மேற்பரப்பு சுண்ணாம்புபோல் மாவாகிறது. தொட்டால் கையில் ஒட்டும். மலிவான சிவப்பு நிறமிகள் இதில் மிக விரைவில் தோற்றுவிடும். ஆகவே பணிமனையிலிருந்து வெளிவரும் நாளில் அரக்காக இருந்த வண்டி, சில கோடைகள் கழிந்தபின் செங்கல் நிறமாகி, அதற்கும் பின் வெளிறிய ரோஜாவாகிவிடும். மூன்று வயதில் மூன்று வண்டிகள் ஒரே நிறுத்தத்தில் நின்றால் மூன்று நிறம் தெரியும். கூரைக்கு மட்டும் வெளிர் நிறம் பூசும் வழக்கத்துக்கும் வெயிலே காரணம். வெளிர் நிறம் வெப்பத்தை ஏற்காமல் திருப்பி அனுப்புகிறது.

நான்காவது மிக எளியது. நிர்வாகம் மாறும்போதும், புதிய வகை வண்டி வரும்போதும் நிறமும் மாறியது. ஆனால் ஆயிரம் வண்டிகளுக்கும் ஒரே இரவில் வண்ணம் பூசிவிட முடியாதல்லவா? பழைய நிறமும் புதிய நிறமும் பல மாதங்கள் அருகருகே ஓடின. "அந்த வருஷம் சிவப்புதான்", "அந்த வருஷம் பச்சைதான்" என்று இருவர் சத்தியம் செய்தாலும் இருவரையும் பொய்யர் என்று சொல்ல இயலாது.

பேருந்துக்கு வண்ணம் பூசுவது தனிக்கலை. தோழியின் தந்தை விவரித்ததை அப்படியே தருகிறோம். முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டி, நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்த வேண்டும். இதை 'டிங்கரிங்' என்பார்கள். பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி, தண்ணீர் தெளித்துத் தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். துருவைத் தடுக்கப் பிரைமர் ஒரு பூச்சு. அதன் மேல் எனாமல் இரண்டு பூச்சு, தெளிப்பானால். இரு நிறம் சந்திக்கும் கோடுதான் சோதனை. ஒரு நிறத்தின் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்துவிட்டு மற்றதை அடிக்க வேண்டும். தாள் சற்றே தூக்கிக்கொண்டால் கோடு கோணும். ஆண்டுதோறும் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும் வேளையில் இந்த அலங்காரம் நடக்கும். "எப்.சி.க்குப் போன வண்டி" என்றால் பொண்ணு பார்க்க வரும் நாளில் புறப்பட்டு நிற்கும் பெண்ணைப் போல் பளிச்சென்று இருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உவமை எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிலைமை புரிந்தது. கடைசியாக வருபவர் எழுத்தோவியர். சன்னல் மேல் "பெண்கள்", படியருகே "படியில் பயணம் செய்யாதீர்", ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திருக்குறள் என்று எழுதிய அந்தக் கைகளின் வேலையை இன்று ஒட்டுத்தாள்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன.

கொரட்டூர்வாசிகளாகிய நாம் பெருமைப்பட ஒரு செய்தியும் உண்டு. பேருந்தின் உறுப்புகள் பல நம் பக்கத்து ஊரான பாடியிலிருந்தே புறப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த தொழிற்சாலைகளில் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, பிரேக்குக்குப் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டி.வி.எஸ். என்று பேர் பெற்றவை இருந்தன. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் எண்ணூர் ஆலை சேசிஸைத் தந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. அதாவது, கொரட்டூர்த் தகப்பன்மார் பலர் காலையில் ஏறிப்போன பேருந்தின் ஏதோ ஒரு பாகத்தை அன்று பகலில் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள் எனலாம்! இரட்டை அடுக்குப் பேருந்துகளும் சென்னையில் ஓடியதுண்டு. பிராட்வேக்கும் தாம்பரத்துக்கும் இடையே 18ஏ தடத்தில் 2008 வரை அவற்றைக் காண முடிந்தது. மேல்மாடியின் முன் இருக்கைக்கு நடந்த போட்டியைப் பற்றி எங்கள் அம்மாமார்கள் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

இவையெல்லாம் பொழுதுபோக்குச் செய்திகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிறம் என்பது படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆயா, பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. அவர் முப்பது ஆண்டுகள் கீரை விற்கக் கொரட்டூரிலிருந்து நகருக்குள் போய் வந்தார். வண்டியின் எண்ணை அவர் வடிவமாக மனப்பாடம் செய்திருந்தார்: "ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு தொப்பை" என்றால் அது 35! பலகையின் நிறத்தைக் கொண்டு கட்டணத்தை அறிந்தார். வெள்ளைப் பலகை சாதாரணக் கட்டணம். மஞ்சள் பலகை, நிறுத்தம் குறைந்த வண்டி, காசு கூட. பச்சைப் பலகை விரைவு வண்டி. முந்தானை முடிச்சில் எண்ணி வைத்த சில்லறையோடு தவறான வண்டியில் ஏறிவிட்டால், அன்றைய இலாபத்தில் ஒரு பங்கு போயிற்று. அல்லது நடுவழியில் கூடையோடு இறங்க வேண்டும். டிக்கெட்டிலும் நிறம் இருந்தது. கட்டணத்துக்கு ஒரு நிறமாக மெல்லிய தாளில் அச்சிட்ட சீட்டுக் கட்டுகளை நடத்துநர் விரலிடுக்கில் செருகி வைத்திருப்பார். கொடுத்த காசுக்குச் சரியான சீட்டுதானா என்பதை ஆயா அந்த நிறத்தால் சரிபார்த்தாராம். கையடக்க இயந்திரம் வந்தபின் எல்லாச் சீட்டும் வெள்ளையாகிவிட்டது. "இப்போ என்ன குடுக்கிறான்னே தெரியலை" என்பது அவருடைய குறை.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தபோது நிறத்தின் அருமை மீண்டும் வெளிப்பட்டது. ஒரே தட எண்ணில் இலவச வண்டியும் சொகுசு வண்டியும் மாறிமாறி வரும். பலகையைப் படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். ஏறியபின் "இது டீலக்ஸ் அம்மா, டிக்கெட் வாங்கு" என்பார்கள். தொலைவிலேயே அடையாளம் தெரிய வேண்டுமென்று 2022 ஆகஸ்டில் இலவச வண்டிகளின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இளஞ்சிவப்பு பூசினார்கள். இரண்டு முகங்களுக்கு மட்டும் பூசியதைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. எங்களுக்கு அது நகைப்பாகத் தோன்றவில்லை. நிறுத்தத்தில் காத்திருப்பவர் கண்ணில் முதலில் படுவது வண்டியின் முகந்தானே? வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு மாத இறுதியில் மிச்சமாகும் தொகை அந்த முகத்தின் நிறத்தில் இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறையுள்ளோர் ஆண்களில் பலர். பெண்களிலும் சிலர் உண்டு. அவர்களுக்கு நிறம் மட்டும் போதாது. பெரிய எண்ணும் வேண்டும்.

நம் பள்ளி வண்டியின் மஞ்சளுக்கும் கதை இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் சைர் என்ற கல்வியாளர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பல மாநிலத்தவரும் கூடி, பள்ளிப் பேருந்துகளுக்கு ஆரஞ்சு கலந்த ஒரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தனர். விடியற்காலை மங்கலிலும் அந்த மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும்; நேரே பார்க்காவிட்டாலும் ஓரக் கண்ணில் படும். நம் நாட்டிலும் மஞ்சளே பள்ளி வண்டிக்குரிய நிறமாயிற்று. ஆயினும் 2012-ஆம் ஆண்டு தாம்பரம் பக்கத்தில் நடந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி சாலையில் விழுந்து உயிரிழந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழக அரசு அதே ஆண்டில் தனி விதிகள் வகுத்தது. கோடைதோறும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளி வண்டிகளை மைதானத்தில் நிறுத்தி வைத்து, தளத்தையும் அவசர வழியையும் சோதிக்கிறார்களே, வண்ணத்தின் அடியில் இருக்கும் தகட்டைப் பார்ப்பதற்காகத்தான்.

பழைய பேருந்துகளை நேசிக்கும் அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். சிலர் படம் சேர்க்கிறார்கள். சிலர் அட்டையிலும் தகட்டிலும் கையளவு பேருந்து செய்து, உள்ளே இருக்கை, கம்பி, மணிக்கயிறு வரை பொருத்துகிறார்கள். அவர்களுக்குப் பெருந்தொல்லை தருவது நிறந்தான். அளவுகளை எப்படியோ கண்டுபிடித்துவிடலாம். அசல் நிறத்தைச் சொல்ல வண்டி இல்லையே! ஓடித் தீர்ந்த பேருந்துகள் ஏலத்தில் போய்ப் பழைய இரும்பாகிவிட்டன. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய விதியும் 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. மும்பையில் அதே ஆண்டு செப்டம்பரில் பழைய டீசல் இரட்டை அடுக்கு வண்டி கடைசியாக ஓடிய அன்று, அன்பர்கள் திரண்டு வந்து மாலை சூட்டி வழியனுப்பினார்கள். ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று வேண்டினார்கள். ரயிலுக்கு நம் பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையார் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். கொரட்டூரிலிருந்து சிறு தொலைவுதான். விடுமுறையில் போய் வாருங்கள். அங்கே பழைய பெட்டிகள் தம் நிறத்தோடு நிற்கின்றன.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யார் வீட்டில் யார், எந்த ஆண்டு, எந்தத் தடத்தில், என்ன நிற வண்டியில் போனதாகச் சொன்னார்கள் என்பதை அதில் எழுதி வருகிறோம். வெறும் "பச்சை" என்று எழுதக் கூடாது என்பது விதி. புடவையோ இலையோ காயோ, ஒன்றைச் சுட்டிச் சொல்ல வேண்டும். இதுவரை எழுபத்து மூன்று பதிவுகள். முருங்கை இலைப் பச்சை ஒன்பது. அவரைக்காய்ப் பச்சை நான்கு. பீட்ரூட் சிவப்பு என்று ஒரே ஒருவர். ஒரு தாயார் தம் பழைய நற்செய்தி நூலுக்குள் பக்க அடையாளமாக வைத்திருந்த நாற்பது பைசா டிக்கெட்டைக் கொடுத்தனுப்பினார். அது பல ஆண்டுகளாக வெளிச்சம் படாமல் மூடிய நூலுக்குள் இருந்ததால், அச்சிட்ட அன்றிருந்த ரோஜா நிறம் அப்படியே இருக்கிறது. அதை நோட்டின் முதற்பக்கத்தில் ஒட்டாமல், உறையிலிட்டு வைத்திருக்கிறோம். கேட்டால் காட்டுவோம்.